ஒரு கல்லுக்கு ஓர் இடம்

"ரெண்டே ரெண்டு பட்டன்தான் அக்கா," என்றான் ருவாரி. "காப்பி, பேஸ்ட். மாளிகைக் கல்லு மாளிகையிலயே இருக்கட்டும். அதே மாதிரி இன்னொண்ணு உங்க வீட்டுச் சுவத்துலயும் வச்சிடு. கம்ப்யூட்டர்ல கல்லுக்கா பஞ்சம்?"

டோலினா வேனின் கதவை அறைந்து சாத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சனிக்கிழமை மதியம். கடல் பக்கமிருந்து மழை சாய்ந்து அடித்தது. இப்போது ஊர் வரலாற்றுச் சங்கம் நடக்கிற பழைய பள்ளிக்கூடத்தின் வாசலில், கூரைக்குக் கீழே வர மனமில்லாதவன்போல அவன் நனைந்துகொண்டு நின்றான். ஸ்கெலபோஸ்ட் எஸ்டேட்டின் மேனேஜர் அவன். அதற்கும் முன்னால் அவளுடைய சித்தி மகன். சின்ன வயதில் இவளோடு சேர்ந்து இதே பள்ளிக்கூடத்தில் பெஞ்சைக் கிறுக்கி அடி வாங்கியவன்.

"உனக்கு லண்டன்லேர்ந்து போன் வந்துச்சாக்கும்," என்றாள்.

"வந்துச்சு. மிஸ்டர் கிரெஸ்வெல் கத்தக்கூட இல்ல. அந்த ஆளு கத்தினாக்கூடப் பரவால்ல. 'ருவாரி, இது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு'ன்னு சொன்னாரு. அவரு வருத்தப்பட்டா அதுக்கப்புறம் வக்கீல்தான் பேசுவான்."

"வக்கீல் பேசியாச்சு. காலையில கப்பல்ல லெட்டர் வந்துடுச்சு."

"தெரியும்," என்றான் அவன். "நான்தான் ஒட்டி அனுப்பச் சொன்னேன். என்ன பண்ணச் சொல்ற? என் வேலை அது."

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். வாயைத் திறந்தால் சித்தி காதுக்குப் போகிற அளவுக்கு ஏதாவது சொல்லிவிடுவோம் என்றுதான்.

விஷயம் இதுதான். இந்தத் தீவின் மேற்குக் கரையில், நல்ல புல்லும் நல்ல மண்ணும் இருக்கிற இடத்தில், முன்பு ஸ்கெலபோஸ்ட் என்று பதினோரு வீட்டு ஊர் ஒன்று இருந்தது. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டில் ஆட்டுக்கு இடம் வேண்டும் என்று அன்றைய நிலக்காரர் அத்தனை பேரையும் வெளியே தள்ளினார். பாதிப் பேரைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். மீதிப் பேரைக் கிழக்குப் பக்கம், பாறை தவிர வேறொன்றும் விளையாத கரையில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அங்கே இருப்பவர்கள் அவர்களுடைய வாரிசுகள். மண் இல்லாததால் செத்தவர்களைப் புதைக்கக்கூட மேற்கே தூக்கிக்கொண்டு போகவேண்டிய ஜனங்கள்.

ஊர் போய் ஆறு வருடம் கழித்து, அந்த மேற்குக் கரையின் மேட்டில் வேட்டை மாளிகை ஒன்று எழும்பியது. மூன்று மாடி, பதினான்கு புகைபோக்கி. அதன் கல் பெருநிலத்திலிருந்து படகில் வந்தது என்று மாளிகைச் சாப்பாட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டம் போட்டு எழுதி மாட்டியிருக்கிறார்கள். படகில் ஒரு கல்லும் வரவில்லை, எல்லாம் எங்கள் வீட்டுக் கல் என்று கிழக்குக் கரை ஜனங்கள் நூற்று எழுபது வருடமாகச் சொல்லி வந்தார்கள். எஸ்டேட்டும் நூற்று எழுபது வருடமாக, மரியாதை குறையாமல், ஆதாரம் கேட்டு வந்தது.

இப்போதைய சொந்தக்காரர் கிரெஸ்வெல் எஸ்டேட்டை வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிரே வந்தால் காரை நிறுத்துவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நாய்க்கு உடம்பு எப்படி என்று விசாரிப்பார். இடிந்து கிடக்கும் ஊரைக் கம்ப்யூட்டரில் முழுசாகக் கட்டி, கண்ணை மறைக்கும் வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி செய்யலாம் என்று வரலாற்றுச் சங்கம் கேட்டபோது, செலவு முழுக்க என்னுடையது என்றார். 'ஊரை ஊர்க்காரர்களிடமே திருப்பித் தருகிறேன்' என்று பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்தார். அதைப் படித்தபோது டோலினா பத்திரிகையைக் கசக்கி எறிந்தாள். ஆனாலும் வேலையை ஒப்புக்கொண்டாள். ஒரு பொருளின் உருவத்தை மில்லிமீட்டர் பிசகாமல் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற லேசர் ஸ்கேனர் வைத்திருப்பது தீவிலேயே அவள் ஒருத்திதான்.

பதினைந்து வருடம் வடகடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளை அளந்தவள் அவள். ஒரு மேடையில் இருக்கிற குழாய் அத்தனையும், போல்ட் முதல் வால்வு வரை, அவள் படத்தில் அதனதன் இடத்தில் இருக்கும். ஒரு குழாயை இருக்கிற இடத்தில் காட்டாமல் இல்லாத இடத்தில் காட்டினால், படத்தை நம்பி வெட்டப்போகிறவன் வீடு திரும்ப மாட்டான். அந்தத் தொழிலில் இருந்து அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு சட்டம். ஒரு பொருள் ஓர் இடத்தில்தான் இருக்கும். தெரிந்ததைத் தெரிந்த நிறத்தில் போடு, ஊகத்தைச் சாம்பல் நிறத்தில் போடு, இரண்டையும் கலக்காதே.

வினை ருவாரி வழியாகத்தான் வந்தது. ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு அவள் மேற்கே போன முதல் நாளே ஓடி வந்தான். "அக்கா, வந்தது வந்துட்ட, அப்படியே மாளிகையையும் உள்ளயும் வெளியயும் எடுத்துக் குடுத்துடேன். வேட்டைக்கு வர்றவங்க புக் பண்றதுக்கு முன்னாடி இன்டர்நெட்ல சுத்திப் பாக்கலாம்ல?" தனி வேலையாக எழுதினால் லண்டனில் அனுமதி கேட்க வேண்டும் என்று, ஊரையும் மாளிகையையும் சேர்த்து ஒரே பெயரில், 'ஸ்கெலபோஸ்ட்' என்று எழுதி, அவனே கையெழுத்தும் போட்டான். அவளும் இரண்டின் படங்களையும் கம்ப்யூட்டரில் ஒரே பெட்டியில் போட்டு வைத்தாள்.

சிதறிக் கிடக்கும் கல் எந்தச் சுவரிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கல்லின் உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாக உடைந்த கல்லின் இரண்டு முகமும் உலகத்தில் வேறு எதோடும் பொருந்தாது. அந்தத் தேடலைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டனைத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கடவுளுடைய ஓய்வு நாள் என்று துணிகூடக் காயப்போடாத ஊர். மெஷின் சர்ச்சில் உறுப்பினர் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை ஓடவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பட்டியல் தயாராக இருந்தது. இடிபாட்டுக்குள்ளேயே ஜோடி சேர்ந்த கற்கள் சில நூறு. அதற்குக் கீழே, அவள் கேட்காத இன்னொரு பட்டியல். ஒரு பாதி ஊரில், மறு பாதி மாளிகையில். இருநூற்றுப் பன்னிரண்டு கற்கள். மாளிகைக் கோப்பையும் சேர்த்துத் தேட விட்டிருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆப்பு அடித்துப் பிளந்த பாறையின் ஒரு பாதி இரண்டாம் வீட்டு மூலையில், மறு பாதி மாளிகைக் குதிரைலாயத்தில். ஏழாம் வீட்டு நிலைவாசலின் மேற்கல் முனை உடைந்து ஊரில் கிடக்க, நீளமான பாகம் மாளிகையின் முன்வாசலுக்கு மேலே. கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள்.

படம் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்று ருவாரியிடம் பொய் சொல்லி மாளிகைக்குப் போனாள். சாப்பாட்டு ஹாலில் கணப்புக்கு முன்னால் கிடந்த மான்தோலை விலக்கி முழங்காலிட்டாள். தரையில் பெரிய கறுத்த கல். ஒரு ஓரம் கோணல்மாணலாகப் பிளந்திருந்தது. ஏழாம் வீட்டு அடுப்புக்கல்லின் மறு பாதி. அந்த வீட்டைக் காலி செய்யவந்த ஆட்கள், அடுப்பில் தலைமுறை தலைமுறையாக அணையாமல் இருந்த தீயின்மேல், அங்கேயே கலயத்தில் இருந்த பாலைக் கொட்டி அணைத்தார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சூட்டில் இருந்த கல்லில் குளிர்ந்த பால் பட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை. வெடித்திருக்கிறது. நல்ல பாதியை மாளிகைக்குத் தூக்கிவந்திருக்கிறார்கள். இரண்டு பாதியையும் திரையில் சேர்த்துவைத்தபோது நடுவில் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது.

அன்றைக்கு டோலினாவுக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. இறக்கவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

அவள் கம்ப்யூட்டரில் ஊரைக் கட்டினாள். ஒவ்வொரு கல்லையும் அதன் வீட்டில் வைத்தாள். கல் வீட்டுக்கு வந்தால் மாளிகையில் அந்த இடம் காலி. அவளுடைய சட்டப்படி வேறு வழியில்லை. பதினோரு வீடும் புல்வேய்ந்த கூரையோடு எழுந்து நின்றன. மேட்டில் மாளிகை இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டையோடு நின்றது. முன்வாசலுக்கு மேற்கல் இல்லை. சாப்பாட்டு ஹாலின் சுவர் வழியாக அந்தப் பக்கத்து மலை தெரிந்தது.

அதன் முன்னோட்டம்தான் லண்டனுக்குப் போனது. கிரெஸ்வெல் வருத்தப்பட்டார்.

பள்ளிக்கூடத்துக்குள் சங்கத்தார் பதினெட்டுப் பேர் மழைக்கோட்டுகளைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மர்டோ கப்பலில் கயிறு இழுத்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"சுருக்கமாச் சொல்றேன். மாளிகையை முழுசாக் காட்டணும், இல்லன்னா காட்டவே கூடாது. மாட்டோம்னா, இந்தப் பள்ளிக்கூடம் எஸ்டேட் இடத்துல இருக்கறதால, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். பதில் திங்கக்கிழமை காலையில போய்ச் சேரணும். புதன்கிழமை திறப்பு விழா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நம்ம ஆளுங்க போனைக்கூடத் தொட மாட்டாங்கன்னு கணக்குப் போட்டு அனுப்பியிருக்கான் வக்கீல். மூளைக்காரன்."

"மறுபடியும் காலி பண்ணச் சொல்றாங்களா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை.

ஹெக்டர் எழுந்தார். இதே கட்டடத்தில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவர். "கோபம் எனக்கும்தான் வருது. ஆனா நிதானமா யோசிங்க. நாப்பது வருஷமாச் சேத்த பேப்பரு, போட்டோ, டேப்பு எல்லாம் இங்க இருக்கு. இதைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? மாட்டுத் தொழுவத்துலயா வைக்கறது? நமக்கு வேண்டியது நம்ம ஊரு. அது எழுந்துடுச்சு. ருவாரி சொல்றாப்ல கல்லைக் காப்பி பண்ணிட்டா நம்ம வீட்டுல ஒரு கல்லுகூடக் குறையாது. அதுல என்னம்மா பாவம், டோலினா?"

"செஞ்சு பாத்தேன் சார்," என்றாள் டோலினா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"லெட்டர் வந்த உடனே செஞ்சு பாத்தேன். எனக்கு மட்டும் பயம் இல்லையா? எஸ்டேட் பாலம் எல்லாத்தையும் அளக்கற வேலை அடுத்த மூணு வருஷத்துக்கு எனக்குத்தான்னு பேச்சு. அது போயிடும். அதனால ரெண்டு பட்டனையும் தட்டினேன். கல்லு ரெண்டு இடத்துலயும் வந்துடுச்சு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கதான் சார் எனக்கு ஆத்திரம். நம்ம வீடு முழுசா இருக்கு, அவங்க மாளிகையும் முழுசா இருக்கு. அப்போ யாரும் யார்கிட்டயிருந்தும் ஒண்ணும் எடுக்கல. ஒண்ணுமே நடக்கல. நூத்தி எழுபது வருஷமாக் கேட்டாங்களே ஆதாரம், கிடைச்ச அன்னிக்கே நம்ம கையாலயே அழிச்சோம்னு ஆகும். நான் பண்ண மாட்டேன். வேற யாரையாவது வச்சுப் பண்ணிக்கங்க, என் பேரை எடுத்துடுங்க."

மழை கூரையை அடித்துக்கொண்டிருந்தது. மர்டோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எல்லாருடைய கண்ணும் மெல்ல ஜன்னலோரம் இருந்த கேட்டி-ஆன் பக்கம் போனது. அவளுடைய கணவன் வேட்டைக்கு வருகிறவர்களை மலையில் கூட்டிக்கொண்டு போகிறவன். குடியிருக்கும் வீடும் எஸ்டேட்டுடையது. கேட்டி-ஆனே மாளிகையில் துப்புரவு வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடம் போனால் மற்றவர்களுக்கு ஒரு கட்டடம் போகும். அவளுக்கு எல்லாமே போகலாம்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் அவள்.

"நீ என்ன சொன்னாலும் தப்பா எடுத்துக்க மாட்டோம்மா," என்றார் மர்டோ.

"எடுத்துக்கிட்டா எடுத்துக்கங்க. நான் ஏழாம் வீட்டு ஆளு. உங்க எல்லாருக்கும் தெரியும். பன்னெண்டு வருஷமா அந்த ஹாலைத் தொடைக்கறேன். அந்தக் கறுப்புக் கல்லுல கறை போகல, கறை போகலன்னு அங்க வீட்டைப் பாத்துக்கற அம்மா என்னைத் திட்டும். நானும் மண்டி போட்டுத் தேய்ப்பேன். என் ஜனங்களோட அடுப்பு மசியை, மணிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிக்கிட்டு, நானே தேய்ச்சிருக்கேன்." அவள் எழுந்து நின்றாள். "ஓட்டையோட காட்டுங்க. ஒரு ஓட்டையைக்கூட அடைக்கக் கூடாது. இதுக்காக என் புருஷனை வேலையை விட்டுத் தூக்கினா தூக்கட்டும். மான் எந்தப் பக்கம் ஓடும்னு லண்டன் வக்கீலுக்குத் தெரியுமா? வந்து ஓட்டிப் பாக்கட்டும்."

கை தூக்கச் சொன்னார் மர்டோ. பதினேழு கை எழுந்தது. ஹெக்டர் தூக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது அவர் மட்டும் போகாமல், மூலையில் இருந்த அட்டைப்பெட்டியை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார்.

"கை தூக்கலியே சார்?" என்றாள் டோலினா.

"தூக்கல. எனக்கு இது சரின்னு படல. அதுக்காகப் பெட்டி கட்ட ஆள் வேண்டாமா? நீங்க வீரம் பேசிட்டுப் போயிடுவீங்க, பேப்பரு நனைஞ்சா யாரு பாக்கறது?"

திங்கட்கிழமை காலையில் மர்டோ ஒரே வரியில் பதில் அனுப்பினார். ஒரு கல்லுக்கு ஓர் இடம்.

கிரெஸ்வெல் வர மாட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வந்து நின்றார். நேரில் பேசினால் எதையும் சரிக்கட்டிவிடலாம் என்று நம்புகிற மனிதர். ருவாரி அவருக்கு இரண்டடி பின்னால் வந்தான். பள்ளிக்கூடம் நிறைந்து வழிந்தது. ஸ்கோன் ரொட்டியும் டீயும் ஒரு பக்கம், பெரிய வெள்ளைத் திரை ஒரு பக்கம். கண்ணாடி மாட்டிக்கொண்டவர் பார்ப்பதெல்லாம் திரையில் எல்லாருக்கும் தெரியும்.

"முதல்ல நான் பாக்கலாமா?" என்று கேட்டார் கிரெஸ்வெல்.

"உங்க செலவுல ஆனது சார்," என்று டோலினா வி.ஆர். கண்ணாடியை அவர் தலையில் மாட்டி, இரண்டு கையிலும் பிடியைக் கொடுத்தாள். பிடியை அழுத்தினால் உள்ளே இருக்கும் பொருளைப் பிடிக்கலாம், தூக்கலாம்.

அவர் ஊருக்குள் நடந்தார். உண்மையாகவே ரசித்தார். கூரையிலிருந்து புகை கசிவதைப் பார்த்து ஆகா என்றார். ஏழாம் வீட்டுக்குள் குனிந்து போய் அடுப்பைச் சுற்றி வந்தார். வெளியே வந்து மேட்டுப் பக்கம் திரும்பினார். அப்புறம் அசையவில்லை.

"இதை வேண்டாம்னு சொல்லியிருந்தேன்," என்றார். குரல் தணிந்தே இருந்தது. "என் வீட்டுல ஓட்டை போட்டிருக்கீங்க."

"ஓட்டை புதுசு இல்லீங்க," என்றார் மர்டோ. "இவ்வளவு நாளா எங்க பக்கம் இருந்துச்சு. இப்போ இடம் மாறியிருக்கு."

"நான் அப்போ பொறக்கவே இல்ல. எங்க குடும்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த ஊரைத் திருப்பிக் குடுக்கணும்னுதானே இவ்வளவும் செஞ்சேன்? ரெண்டும் முழுசா இருக்கட்டும்னுதானே கேக்கறேன். அது அவ்வளவு பெரிய தப்பா?"

அவர் கேட்டதில் நடிப்பு இல்லை. அது டோலினாவுக்கும் தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு மனம் இளகவில்லை.

"இதுல காப்பி கிடையாது சார். ஆனா கல்லை எடுத்து வைக்கலாம். பூட்டெல்லாம் போடல. உங்க மாளிகை முழுசா வேணும்னா, கல்லு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுது. கையில பிடி இருக்கு. எடுத்துக்கிட்டுப் போய் வைங்க."

"நானா?"

"ஆமா. யாரும் தடுக்க மாட்டோம்."

இதை அவர் ஒரு சவாலாக எடுத்துக்கொண்டார். ஏழாம் வீட்டு நிலைவாசலுக்கு முன்னால் நின்று, மேற்கல்லைப் பிடித்து இழுத்தார்.

கல் வந்துவிட்டது. நிஜக் கல் போலவே இருக்கட்டும் என்று கல்லுக்குக் கல் எடை கொடுத்து வைத்திருந்தாள் டோலினா. மேற்கல் போனதும் அதன்மேல் இருந்த வரிசை சரிந்தது. வரிசை சரிந்ததும் கூரையின் முன்பக்கம் தொப்பென்று இறங்கி வாசலை மூடியது. தூசு எழுந்தது. ஒரு வீடு இப்படி இறங்குவதை அந்த அறையில் இருந்த யாரும் அதுவரை பார்த்ததில்லை. கதையாகக் கேட்டதுதான் உண்டு.

கிரெஸ்வெல் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இல்லாத கல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நடந்தார். ஜனங்கள் நாற்காலியை இழுத்து வழிவிட்டார்கள். டீ மேசையில் இடுப்பை இடித்துக்கொண்டார். மாளிகை முன்வாசலுக்கு வந்து, கையை உயர்த்தி, கல்லை அதன் ஓட்டையில் வைத்தார்.

திரையில் ஒரு கட்டம் திறந்தது. ஏழாம் வீடு, கல் பதினான்கு. எடுத்தவர். நாள். காரணம்.

டோலினா கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். அவர் பெயரைத் தட்டினாள், அன்றைய தேதியைத் தட்டினாள்.

"காரணம் என்னன்னு போடட்டும் சார்?"

"என்னது?"

"ஒவ்வொரு கல்லையும் யாரு நகத்தினாங்க, எப்போ, எதுக்குன்னு எழுதியாகணும். இந்தத் தொழில்ல அதுதான் முறை. நான் மாளிகையிலேர்ந்து கொண்டுவந்தப்போ, உடைஞ்ச முகம் ரெண்டும் பொருந்துதுன்னு எழுதினேன். காரணம் இல்லாம அது ஏத்துக்காது. நீங்க என்ன சொன்னாலும் போடறேன். ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காமப் போடறேன். அப்புறம் யாரு வந்து அந்தக் கல்லைத் தொட்டாலும் அது தெரியும்."

கண்ணாடிக்குள் கிரெஸ்வெல்லுடைய கண் எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. திரையில் மட்டும் தெரிந்தது. மாளிகை வாசலிலிருந்து திரும்பிக் கீழே இறங்கிக் கிடந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ருவாரி," என்றார். "ஏதாவது ஒண்ணு சொல்லேன். எழுத்து வேலை எல்லாம் நீதானே பாக்கறே."

ருவாரி ஆறு வருடமாக அவருக்காக எழுதியிருக்கிறான். கூச்சப்பட வேண்டிய விஷயத்தைக்கூடக் கூசாத மாதிரி எழுதத் தெரிந்தவன். இந்த மாதம் பள்ளிக்கூடத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தில்கூட 'இருதரப்பு நன்மை கருதி' என்ற வார்த்தைகள் அவனுடையவை. டோலினா அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனுக்கு உதவி செய்ததாகிவிடும் என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட காரணம் எதுவும் இல்ல சார்," என்றான் ருவாரி.

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. அன்னிக்கு எங்க ஆளுங்களை வெளிய தள்ளினதும் ஒரு மேனேஜர்தான். அவன் ஏதோ காரணம் எழுதியிருப்பான். நான் எழுத மாட்டேன். வேலையை விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்கங்க."

கேட்டி-ஆன் டீ கெட்டிலோடு மேசைப் பக்கம் நின்றிருந்தாள். அதுவரை அங்கே எல்லாரும் தங்களுக்குள் தீவின் சொந்த மொழியான கேலிக்கில்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கிரெஸ்வெல்லுக்குப் புரியட்டும் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஒண்ணுதான் ஆயிருக்கு. இன்னும் இருநூத்திப் பதினொரு கல்லு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கேக்கும். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க சார். டீ சூடா இருக்கு, நாங்க எங்கயும் போகல."

கிரெஸ்வெல் கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியில் அதன் பட்டை சிவப்பாகப் பதிந்திருந்தது. கண்ணாடியை மேசையில் ஜாக்கிரதையாக வைத்தார். யாரையும் பார்க்காமல், யார் மேலும் இடிக்காமல், வாசலுக்குப் போனார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடிதம் கடிதமாகவே நின்றது. மாசக் கடைசியில் ஹெக்டர் கட்டிய பெட்டிகளை அவர்கள் மர்டோவின் வலைக் கொட்டகைக்குத்தான் சுமக்க வேண்டி வந்தது.

கிரெஸ்வெல் காரின் சத்தம் அடங்கும்வரை திரையில் கட்டம் திறந்தபடியே இருந்தது. டோலினா ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. காரணம் வராததால் கொஞ்ச நேரத்தில் கட்டம் தானாக மூடிக்கொண்டது. மாளிகை வாசலில் இருந்த கல் மறைந்தது. ஏழாம் வீட்டில் மேற்கல் அதன் இடத்தில் உட்கார்ந்தது. சரிந்த வரிசை ஏறியது, கூரை நிமிர்ந்தது, புகை மறுபடி கசிந்தது.

கேட்டி-ஆன் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது யாரு?" என்றார் மர்டோ.

அவள் முதலில் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பின்னால் வரிசை சேர்ந்தது. ருவாரி அதன் கடைசியில் போய் நின்றான்.